மழைக்கு முன் கறுப்பு கார்: கையாலேயே மெருகேற்றிப் பாதுகாப்பது எப்படி?

ஆயுத பூஜை முடிந்து தீபாவளிக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டால், ஜொகூரின் தாமான்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். வாசலில் கார் நிற்கும். பக்கத்தில் ஒரு வாளி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம், கிழிந்த பனியன் துணி. வீட்டைக் கழுவிய கையோடு காருக்கும் ஒரு குளியல். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களுக்கு இதுவே போதும் என்று விட்டுவிடலாம். கறுப்பு, கருநீலம், அடர் சாம்பல், கருஞ்சிவப்பு நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கோ சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. துடைத்து முடித்த கார் நிழலில் பளபளக்கும். வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அந்தக் கீறல்களில் பெரும்பாலானவை சாலையில் விழுந்தவை அல்ல. அந்த வாளியிலிருந்தும் பனியன் துணியிலிருந்தும் வந்தவை.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வருவதற்கு முன் காருக்கு மெழுகு பூசி வைப்பது பழைய வழக்கம். அங்கே சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் சாயத்தையும் இரும்பையும் அரிக்காமலிருக்கத்தான் அந்தப் பூச்சு. நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் ஆண்டிறுதி மாதங்களில் நாள்கணக்கில் வானம் மூடியே கிடக்கும். அந்த நாட்களில் கார் முழுதாகக் காய்வதே அரிது. அமர்ந்து மெருகேற்ற ஒரு காலைப்பொழுது கிடைப்பது அதைவிட அரிது. எனவே அக்டோபரிலேயே வேலையை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். தீபாவளியும் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் வந்துவிடுவதால் இரண்டு வேலையும் ஒன்றாகிவிடுகிறது.

இதை வெறும் அழகுக் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் கார் கடனை ஒன்பது ஆண்டு வரை இழுத்துக் கட்டலாம். தோட்டத்திலும் நகரத்திலும் நம்மவர்களில் பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள். மாதத் தவணை பாதிகூட முடியாத நிலையில் கூரையும் பானெட்டும் வெளுத்து, மேல்தோல் உரியத் தொடங்கினால், அதற்குப் பிறகு எந்தப் போலிஷும் உதவாது. பட்டறையில் கொடுத்து மறுசாயம் அடிப்பதுதான் வழி. முழுக் காருக்கு என்றால் ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். பழைய கார் வாங்க வருபவரும் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன் சாயத்தைத்தான் பார்ப்பார்.

செய்தித்தாளைவிட மெல்லிய தோல்

இன்று ஓடும் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சாயம் பல அடுக்குகளாக இருக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் அடிச்சாயம், பிறகு நிறம் தரும் சாயம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத ‘கிளியர் கோட்’ எனப்படும் தெளிபூச்சு. நாம் கழுவுவதும் தேய்ப்பதும் மெழுகு பூசுவதும் அந்தத் தெளிபூச்சின் மேல்தான். நிறச் சாயத்தை நம் கை தொடுவதே இல்லை.

இந்தத் தெளிபூச்சின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோன். செய்தித்தாளின் ஒரு தாளை எடுத்துக்கொண்டால் அதுவே இதைவிடத் தடிமனாக இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இந்த மெல்லிய அடுக்குக்குள்தான் கலந்திருக்கிறது. மெருகேற்றுவது என்றால் இந்த அடுக்கிலிருந்து மிகச் சிறிய அளவைத் தேய்த்து எடுப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ‘ஆண்டுக்கு ஒரு முறை போதும், மாதா மாதம் வேண்டாம்’ என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பழைய கார்களின் கதை வேறு. 1914 முதல் 1925 வரை ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. 1920களில் டூபாண்ட் நிறுவனம் டூக்கோ என்ற சீக்கிரம் காயும் சாயத்தைக் கொண்டுவந்த பிறகு பல நிறங்கள் பரவின. அந்தக் காலச் சாயங்களுக்கு மேலே தெளிபூச்சு கிடையாது. தோட்டத் துரைமார் ஓட்டிய மோரிஸ், ஆஸ்டின் கார்களுக்குப் போலிஷ் போட்டவர்களின் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வந்தது அதனால்தான். 1980களிலிருந்து தெளிபூச்சு முறை பரவலானது. வீட்டில் பழைய கார் ஒன்று இருந்து, போலிஷ் போடும்போது துணி கறுத்தால், அது பழைய முறைச் சாயம் என்று அறிந்துகொள்ளலாம். அதையும் மெருகேற்றலாம், இன்னும் மென்மையான கை வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு கீறல் தெரிகிறது? வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் இருக்கும். ஆனால் வெள்ளைச் சாயமே எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கம் அதில் கரைந்துவிடுகிறது. கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். கீறலின் ஓரம் மட்டும் மின்னும். வட்ட வட்டமாகத் தெரிவதும் ஒரு வகையில் கண்ணின் மயக்கம்தான். கீறல்கள் எல்லாத் திசையிலும் நேர்க்கோடாகவே கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் நம் கண்ணுக்கு எட்டுவதால் அவை வட்டமாகச் சேர்ந்து தெரிகின்றன.

ஜொகூரில் காரின் மேல் விழுபவை

தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு தடவை போய் வந்தால் போதும், காரின் பின்பக்கம் புழுதியில் மூழ்கிவிடும். அந்தப் புழுதியில் இருக்கும் மணல் துகள் காரின் தெளிபூச்சைவிடப் பல மடங்கு கடினமானது. காய்ந்த புழுதியைத் துணியால் துடைப்பதும் மணல்தாள் போடுவதும் ஒன்றுதான். கோழி இறகுத் துடைப்பத்தால் தினமும் காலையில் தட்டிவிட்டுக் கிளம்பும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். கறுப்புக் காருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்கு இன்னொன்று தெரியும். குலையிலிருந்து வடியும் நீரும் எண்ணெயும் சாலையில் சொட்டி, டயரில் பட்டு, காரின் கீழ்ப்பக்கத்தில் தெறிக்கும். ரப்பர் கட்டிப்பால் ஏற்றிய லோரி என்றால் வாடையும் சேர்ந்து வரும். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையிலும் துறைமுகப் பக்கமும் வேலை செய்பவர்களின் கார்கள் நாள் முழுவதும் கனரக வாகனப் போக்குவரத்துக்கு நடுவே நிற்கின்றன. பிரேக்கிலிருந்தும் உலோக வேலையிலிருந்தும் பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் சாயத்தில் குத்தி நின்று, ஈரத்தில் துருப்பிடித்து, சின்னச் சின்னச் செம்புள்ளிகளாகத் தெரியும். கழுவினாலும் இவை போகாது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் திறந்த வெளியில் காரை நிறுத்திவிட்டுப் போனால், விடியற்காலை முதல் இருட்டும் வரை வெயில் முழுதும் கூரையில்தான். நண்பகல் வெயிலில் கறுப்புத் தகடு 60, 70 டிகிரி செல்சியஸைக்கூட எட்டும். கை வைக்க முடியாது.

பறவை எச்சத்தின் கெடுதலும் இந்தச் சூட்டோடு சேர்ந்ததுதான். எச்சத்தில் இருக்கும் அமிலம்தான் சாயத்தை அரிக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. பிரிட்டனைச் சேர்ந்த ஆட்டோகிளிம் நிறுவனம் செய்த சோதனைகள் வேறொன்றைச் சொன்னன. வெயிலில் தெளிபூச்சு இளகி விரிகிறது. அதே நேரத்தில் எச்சம் காய்ந்து கெட்டியாகிறது. மாலையில் சூடு தணிந்து பூச்சு சுருங்கும்போது, எச்சத்தின் சொரசொரப்பான அச்சு அப்படியே அதில் பதிந்துவிடுகிறது. ஆகவே மைனா, காக்கை எச்சத்தை ‘வார இறுதியில் கழுவிக்கொள்ளலாம்’ என்று விட்டுவைக்கக் கூடாது. ஈரத்துணியை அதன் மேல் இரண்டு நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுத்துவிட வேண்டும்.

நிழலுக்காக மாமரத்தடியில் நிறுத்துபவர்கள் மாம்பாலையும், இலைப் பூச்சிகள் சொட்டும் பிசுபிசுப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் அதுவும் சேர்கிறது. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மூச்சுக்கே திண்டாடிய அந்த நாட்களில் காரின் கவலை பெரிதல்ல. ஆனால் அதன் பிறகு படிந்திருந்த சாம்பலைக் காய்ந்த துணியால் துடைத்தவர்களின் கார்களில் கீறல் மிஞ்சியிருக்கும்.

பூஜையும் பானெட்டும்

சொல்லத் தயங்கினாலும் இதையும் சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜையன்று பானெட்டில் சந்தனம், குங்குமம், விபூதி வைப்பதும், காரின் முன் தேங்காய் உடைப்பதும், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதும் நம் வழக்கம். வழக்கத்தை விட வேண்டியதில்லை. இடத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். சந்தனம் சாயத்தில் காய்ந்தால் சுரண்டி எடுக்க நகத்தைத் தேடுவோம். கீறல் அங்கே விழுகிறது. குங்குமத்தின் நிறம் மெழுகில்லாத சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். பொட்டை முன்கண்ணாடியின் ஓரத்திலோ எண்பலகையிலோ வைக்கலாம். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், தீபாராதனை முடிந்த கொஞ்ச நேரத்தில் நனைந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். தேங்காய்த் தண்ணீர் தெறித்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். அதிலுள்ள சர்க்கரை வெயிலில் காய்ந்தால் பசைபோல் ஒட்டும். எலுமிச்சைச் சாறு அமிலம். டயரோடு நின்றால் நல்லது. சாயத்தில் பட்டால் உடனே கழுவ வேண்டும். தீபாவளியன்று வாசலில் பட்டாசு வெடிப்பவர்கள் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவதும் நல்லது.

வேலையைத் தொடங்கும் முன்

பெரோடுவா மைவி அளவுள்ள காரை ஒருவர் கையால் முழுமையாகச் செய்து முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கழுவி, களிமண் தேய்த்து, பானெட்டும் கூரையும் ஒரு வாரம். பக்கவாட்டுக் கதவுகளும் பின்பக்கமும் அடுத்த வாரம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார ஓய்வாக இருந்து, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறிவிட்டதால், சிங்கப்பூரில் வேலை செய்யும் தகப்பனாருக்கும் இங்கே படிக்கும் பிள்ளைக்கும் இப்போது ஒரே நாளில் விடுமுறை கிடைக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தால் நேரம் பாதியாகும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்குவது நல்லது. பருவ மாற்றக் காலமான அக்டோபரில் பிற்பகலில் இடியுடன் மழை அடிக்கடி வரும். அதற்கு முன் முடித்துவிடலாம். தகடு குளிர்ந்திருக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. வாசலில் கூரை இல்லாத தோட்டத்து வீடுகளில், வீட்டின் நிழல் விழும் பக்கமாகக் காரைத் திருப்பி நிறுத்தி, நிழல் நகரும் வரை வேலை செய்யலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பெட்ரோல் நிலையத்தில் கார் கழுவும் இடத்தில் கழுவிக்கொண்டு, மூடிய கார் நிறுத்துமிடத்துக்கு வந்து மற்ற வேலையைப் பார்க்கலாம்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை: கார் ஷாம்பு, இரண்டு வாளி, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, மைக்ரோஃபைபர் துணி ஏழெட்டு, கார் களிமண் ஒரு துண்டு, நுரைப்பஞ்சு வட்டுகள் மூன்று நான்கு, மென்மையான போலிஷ் ஒரு போத்தல், மெழுகு அல்லது சீலன்ட் ஒன்று, மாஸ்கிங் டேப் ஒரு சுருள். மிஸ்டர் டி.ஐ.ஒய். போன்ற கடைகளிலும் கார் உபரிப்பாகக் கடைகளிலும் இவை கிடைக்கும். துணியின் ஓரத்தில் தையலும் விலைச்சீட்டும் இருந்தால் வெட்டி எடுத்துவிட வேண்டும். கறுப்புச் சாயத்தில் அந்தச் சின்னச் சீட்டுகூடக் கோடு போடும்.

கழுவுதல்: பாதி வேலை இங்கேதான்

ஒரு வாளியில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் குழாய்த் தண்ணீரை நிறைய அடித்து, தளர்வான மண்ணை விழச் செய்ய வேண்டும். பிறகு கையுறையை ஷாம்பில் நனைத்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கி வரவும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்பு வாளியில் விட வேண்டும். கடைசியில் அலசும் வாளியின் அடியில் எவ்வளவு மணல் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் அவ்வளவும் சாயத்தின் மேல் ஓடியிருக்கும். டயருக்கும் ரிம்முக்கும் வேறு துணி. கார் கழுவும் கடையில் கொடுப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: ரிம்மைத் தேய்த்த பஞ்சு கதவுக்கு வருகிறதா என்று.

பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கிரீஸை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். புதிதாகப் போலிஷ் போடப் போகும் அன்று அதைப் பயன்படுத்தினால் பெரிய நட்டமில்லை. வாராவாரம் அதையே போட்டால் பூசிய மெழுகு எதுவும் நிற்காது.

துடைக்கும்போது தடிமனான துணியை விரித்துப் போட்டு மெதுவாக இழுக்கலாம். அழுத்தித் தேய்க்கக் கூடாது. கண்ணாடியோரம், கைப்பிடி, எண்பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஒற்றி எடுக்கவும்.

களிமண்

கழுவிய காரின் மேல் மெல்லிய நெகிழிப் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெளிவாகத் தெரியும். இரும்புத் துகள், தார், மரப்பிசின் ஆகியவைதான் அவை. இவற்றை விட்டுவிட்டுப் போலிஷ் போட்டால், பஞ்சோடு சேர்ந்து அவையும் சாயத்தில் உருளும்.

இதற்கு ஜப்பானில் உருவான கார் களிமண் உதவும். உள்ளங்கையில் பாதியளவு எடுத்துத் தட்டையாக்கி, சாயத்தின் மேல் ஷாம்புத் தண்ணீரை நன்றாகத் தெளித்து, அழுத்தமில்லாமல் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முதலில் இழுக்கும், பிறகு வழுக்கும். வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் சுத்தம். களிமண்ணை அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும். தரையின் மணலைப் பொறுக்கிய களிமண் உதவாது.

தார்ப் பொட்டுகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பது தோட்டத்துப் பழைய ஓட்டுநர்களின் கைவைத்தியம். தார் போய்விடும் என்பது உண்மை. கூடவே மெழுகும் போகும். ரப்பர் ஓரங்களில் தங்கினால் அவை உப்பிக் கெடும். தார் நீக்கி கைவசம் இல்லாதபோது அந்தப் பொட்டில் மட்டும் தொட்டு, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டால் பரவாயில்லை.

கையால் மெருகேற்றுதல்

கதவோரம், கறுப்பு நெகிழிப் பட்டை, விளக்கின் ரப்பர் ஓரம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். போலிஷும் மெழுகும் கறுப்பு நெகிழியில் காய்ந்தால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும். அதை எடுப்பது கார் முழுவதையும் மெருகேற்றுவதைவிடச் சலிப்பான வேலை.

முதலில் பானெட்டின் ஒரு மூலையில் ஒரு கை அகலத்துக்குச் சோதித்துப் பார்க்கவும். சில கார்களின் தெளிபூச்சு மென்மையாக இருக்கும். சிலவற்றில் கல்போல் இருக்கும். இருப்பதிலேயே மென்மையான போலிஷால் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த தரத்துக்குப் போக வேண்டும். முரட்டு காம்பவுண்டை முதலில் எடுப்பவர்கள்தான் கறுப்புக் காரைப் புகைபடிந்ததுபோல் மங்கலாக்கிவிடுகிறார்கள்.

நுரைப்பஞ்சில் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு வைத்து, சுமார் 40 சென்டிமீட்டர் சதுரப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மெல்லப் பரப்பி, பிறகு நடுத்தர அழுத்தத்தில் மேலும் கீழும், அதன் பிறகு இடமும் வலமும் தேய்க்கவும். விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கை முழுதும் படியட்டும். விரலால் அழுத்தினால் அந்த விரல் கோடாகவே தெரியும். கலவை மெல்லியதாகி, எண்ணெய்ப் படலம்போல் தெளியும் வரை தேய்க்க வேண்டும். கை கடுக்கும். அதற்கு வேறு வழியில்லை. பிறகு சுத்தமான துணியால் துடைத்து, கைத்தொலைபேசியின் விளக்கை அடித்துச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் குறைந்திருக்கும். தேவைப்பட்டால் இன்னொரு முறை செய்யலாம். கதவின் கூர்மையான மடிப்புகளிலும் ஓரங்களிலும் தெளிபூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே கை லேசாகவே போக வேண்டும்.

கையால் எவ்வளவு ஆகும் என்பதில் தெளிவாக இருப்பது நல்லது. கழுவும்போது விழுந்த மெல்லிய கீறல்கள், புதிய தண்ணீர்த் தடங்கள், மங்கல் ஆகியவை பெரும்பாலும் போய்விடும். நகத்தை ஓட்டினால் நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறல் போகாது. சாவியால் யாரோ இழுத்த கோடு போகாது. வெளுத்து உரிந்த இடம் ஒருநாளும் திரும்பாது. அங்கே தேய்ப்பதால் ஓரம் இன்னும் உரியும். மெஷின் போட்டால் வேகமாக முடியும், ஆழமாகவும் வெட்டும். ஆனால் பழகாத கையில் ஓர் ஓரத்தைச் சில விநாடியில் சுட்டுவிடும். கையில் அந்தப் பயம் இல்லை. பல் துலக்கும் பசையால் கீறலைத் தேய்ப்பது, தேங்காய் எண்ணெய் பூசுவது எல்லாம் கேள்விப்பட்டதுதான். பற்பசையின் துகள் கறுப்புச் சாயத்துக்கேற்ற நேர்த்தியானதல்ல. தேங்காய் எண்ணெய் கீறலை நிரப்பி ஒரு மணி நேரம் மறைக்கும். பிறகு ஊரிலுள்ள புழுதியெல்லாம் அதன் மேல்தான்.

அண்மையில் மறுசாயம் அடித்த காராக இருந்தால் போலிஷையும் மெழுகையும் தள்ளிப்போடுங்கள். சாயம் உள்ளே முழுதாகக் காய வாரக்கணக்கில் ஆகும். எப்போது பூசலாம் என்று சாயம் அடித்த பட்டறையிலேயே கேட்பதுதான் சரி.

பூச்சு: மெழுகா, சீலன்டா?

மெருகேற்றிய சாயம் நிர்வாணமாக நிற்கிறது. அன்றே பூச்சுப் போட்டாக வேண்டும்.

கார் மெழுகில் பேர்போனது கார்னூபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைமரத்தின் இலையில் படியும் மெழுகு அது. நம் செம்பனையின் தூரத்து உறவு என்று சொல்லலாம். இங்கே பழத்தைப் பிழிகிறோம், அங்கே இலையைக் காயவைத்துத் தட்டி மெழுகை எடுக்கிறார்கள். இயற்கை மெழுகுகளில் கடினமானது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். கறுப்புச் சாயத்துக்கு அது தரும் ஆழமான ஈர மினுமினுப்பு வேறெதிலும் வராது என்பது பலரின் கட்சி. ஆனால் கடையில் வாங்கும் டப்பாவில் கார்னூபா மட்டும் இருப்பதில்லை. எண்ணெயும் கரைப்பானும் கலந்தே இருக்கும். நம் வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதத்தில் அது தேய்ந்துவிடும்.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். பளபளப்பு சற்றுக் கண்ணாடித்தன்மையாக இருக்கும். ஆனால் சில மாதங்கள் நிற்கும். நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் மழைக்கு இதுதான் பொருத்தம். இரண்டும் வேண்டும் என்பவர்கள் முதலில் சீலன்ட் பூசி, ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் மெழுகு பூசலாம். மெழுகின் மேல் சீலன்ட் பூசினால் ஒட்டாது. செராமிக் பூச்சு இன்னும் நீண்ட நாள் நிற்கும், விலையும் அதிகம். அதற்கடியில் இருக்கும் கீறலையும் அது அப்படியே பூட்டிவைத்துவிடும் என்பதால், மெருகேற்றாமல் செராமிக் மட்டும் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

எதைப் பூசினாலும் மெல்லியதாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது; துடைக்கும் வேலைதான் கூடும். சிறிது நேரத்தில் மங்கிக் காயும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் சுத்தமாக வர வேண்டும். இழுவினால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் ஒரு துணியால் துடைத்து, இன்னொரு துணியால் மெருகிட்டு முடிக்கவும். ஈரப்பதம் மிகுந்த நாளில் காய அதிக நேரம் பிடிக்கும். அன்று ஒவ்வொரு பகுதியாகப் பூசித் துடைத்துக்கொண்டே போவது மேல்.

மழை தொடங்கிய பிறகு

மழைத் தண்ணீரே காரைக் கழுவிவிடும் என்பது தவறான எண்ணம். மழை நின்று வெயில் அடித்ததும், துளிகள் இருந்த இடத்தில் தூசி வட்டமாகக் காய்ந்து நிற்கும். கறுப்பில் இது பளிச்சென்று தெரியும். வெயில் வருவதற்குள் தண்ணீர் அடித்து ஒற்றி எடுத்தால் நல்லது. பானெட்டில் தண்ணீர் உருண்டு முத்து முத்தாக நிற்கும் வரை பூச்சு உயிரோடு இருக்கிறது என்று பொருள். தட்டையாகப் பரவத் தொடங்கினால் ஒரு நல்ல காலைப்பொழுது பார்த்துக் கழுவி, சீலன்ட்டை மட்டும் மறுபடி பூசலாம். திரும்பப் போலிஷ் போட வேண்டியதில்லை.

வெள்ளம் புகும் தாமான்களில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சொல். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியபோதும், 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட், சிகாமட் பக்கம் வெள்ளம் வந்தபோதும், வீடுகளில் தங்கிய சேற்றை அள்ளியவர்களுக்கு அதன் நைசு தெரியும். காரின் சாயத்தில் அந்தச் சேறு காய்ந்துவிட்டால் துணியால் தொடவே கூடாது. பெருகிய தண்ணீரால் ஊறவைத்து, மேலிருந்து கீழாக ஓடவிட்டு, சேறு தானாக விழுந்த பிறகுதான் கையுறையும் ஷாம்பும். பம்பருக்கு உள்பக்கமும் சக்கரக் கூட்டின் உள்வளைவும் மறக்காமல் கழுவப்பட வேண்டும். தண்ணீர் கதவின் அடிமட்டத்தைத் தாண்டியிருந்தால், சாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை இயந்திரத்தை முடுக்காமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காரைத் தள்ளியோ இழுத்தோ பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.